பெரிய சொகுசு செடானுக்கு எவ்வளவு வேகம் போதும்?

மெர்சிடஸ் எஸ் கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், பென்ட்லி ஃப்ளையிங் ஸ்பர் மாதிரியான பெரிய சொகுசு செடான்களில் இன்று 600, 700, 800 குதிரைத்திறன் என்று கொடுக்கிறார்களே, அதனால் அந்தக் கார்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை வெறும் விளம்பரமா என்று கேட்டிருந்தீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய செடானுக்குத் தாராளமான சக்தி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் கார் சொகுசாகவே இருக்காது. ஆனால் சக்தி ஓர் அளவைத் தாண்டியதும், அதற்கான விலையை டயர், பிரேக், ஸ்பிரிங் வழியாகப் பின்சீட்டில் இருப்பவர் கட்டத் தொடங்குகிறார். அந்த அளவு எங்கே இருக்கிறது என்று பார்க்க, இந்த வகைக் கார்கள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

வேகமான பெரிய செடான்கள் முன்பும் இருந்தன. 1963இல் வந்த மசராட்டி குவாட்ரோபோர்ட்டே ஓர் உதாரணம். ஆனால் இன்று நாம் பேசும் வகைக்கு நேரடி முன்னோடி, 1968 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்த மெர்சிடஸ் 300 எஸ்இஎல் 6.3. அந்தக் கார் உருவானதே சுவாரசியமான விஷயம். மெர்சிடஸின் சோதனைப் பிரிவில் இருந்த எரிஷ் வாக்ஸன்பெர்கர் என்ற பொறியாளர், நாட்டுத் தலைவர்கள் பயணிக்கும் 600 லிமோசினின் 6.3 லிட்டர் வி8 எஞ்சினை எடுத்து, அதைவிடச் சிறிய கார் ஒன்றில் இறக்கிப் பார்த்தார். மேலிடத்தில் யாரும் சொல்லாமல் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வளர்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ருடால்ஃப் உலன்ஹவுட் ஓட்டிப் பார்த்தார், பிடித்துப்போனது, கார் தயாரிப்புக்குப் போனது.

250 பிஎஸ் (கிட்டத்தட்ட குதிரைத்திறன்தான்), 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை, 0–100 கிமீ 6.5 நொடி, உச்ச வேகம் 220 கிமீ. இன்றைக்கு இது சாதாரணம். 1968இல், ஐந்து பேர் சாய்ந்து உட்காரக்கூடிய, ஏர் சஸ்பென்ஷன் வைத்த ஆட்டோமேட்டிக் கார் இந்த வேகத்தில் போகும் என்பதை நம்புவதே கடினம். நான்கே ஆண்டுகளில் 6,526 கார்கள் தயாராயின.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டரை டன்னை இழுக்கச் செய்த எஞ்சின், 1,800 கிலோவை ஒட்டிய காரில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மூச்சு வாங்கவே வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே போதும், கியர் இறங்காமல், எஞ்சின் அலறாமல் கார் முன்னே போகும். சஸ்பென்ஷன் மென்மையாகவே இருந்தது, டயரும் உயரமான சைடுவாலோடு, அதாவது ரிம்முக்கு வெளியே உள்ள ரப்பர் பக்கச்சுவரோடு இருந்தது. அதாவது உட்கார்ந்திருப்பவர் எதையும் விட்டுக்கொடுக்காமலேயே அந்த வேகம் கிடைத்தது.

1975இல் வந்த 450 எஸ்இஎல் 6.9 இதையே இன்னும் நன்றாகச் செய்தது. 286 பிஎஸ், 550 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 ஆர்பிஎம்மிலேயே, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போதே. ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன். எத்தனை பேர் ஏறினாலும் காரின் உயரம் மாறாது. 1980 வரை 7,380 கார்கள். இதன் டயர் அளவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 215/70, 14 அங்குல ரிம். 215 மிமீ அகலத்தில் 70 சதவீதம் சைடுவால் உயரம், அதாவது 15 சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும். அன்றைக்கு உலகின் மிக வேகமான செடான்களில் ஒன்று, இந்த டயரில்தான் 225 கிமீ வேகத்தில் போனது.

சரி, இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வேகத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பலரும் மிகையாகவே நினைக்கிறார்கள்.

ஆட்களோடு சேர்த்து 2,300 கிலோ, காற்றுத்தடைக் குணகம் 0.23, முகப்புப் பரப்பு இரண்டரை சதுர மீட்டர் என்று ஒரு நவீன செடானை எடுத்துக்கொள்ளுங்கள். 120 கிமீ வேகத்தைத் தக்கவைக்கக் காற்றுக்கும் டயர் உருளலுக்கும் சேர்த்து அதற்குத் தேவைப்படுவது சுமார் 20 கிலோவாட், 27 பிஎஸ். ஆமாம், 27 தான். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். அப்படி ஏறியும்கூட 250 கிமீ வேகத்துக்குச் சக்கரத்தில் சுமார் 140 கிலோவாட், 190 பிஎஸ் இருந்தால் போதும். கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்து 230 என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு பெரும்பாலான கார்களை 250 கிமீயில் மின்னணு முறையில் நிறுத்திவிடுகின்றன. 1987இல் வந்த பிஎம்டபிள்யூ '750 ஐ' என்ற 5 லிட்டர் வி12 கார்தான் முதலில் அப்படிக் கட்டுப்பாட்டோடு வந்தது. அதற்கு 300 பிஎஸ் இருந்தது. அந்த வேகத்துக்கு அதுவே தாராளம்.

அப்படியானால் 600 பிஎஸ் எதற்கு? உச்ச வேகத்துக்கு இல்லை, வேகம் எடுப்பதற்கு. இதில் ஓரளவு வரைக்கும் உண்மையான பயன் இருக்கிறது. ஆட்டோபான் என்ற ஜெர்மன் விரைவுச்சாலையில் லாரிகளுக்கு 80 கிமீதான் வரம்பு. வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதியில் இடதுபுறத் தடத்தில் கார்கள் 160, 180 என்று வருகின்றன. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார், இடைவெளி கிடைத்ததும் வெளியே வந்து அந்த ஓட்டத்தோடு சேர வேண்டும். 2,300 கிலோ காரை 100இலிருந்து 160க்குக் கொண்டுபோகச் சுமார் 14 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. காற்றுத்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், சக்கரத்தில் 100 கிலோவாட் கிடைக்கும் காருக்கு 14 நொடி, 200 கிலோவாட் காருக்கு 7 நொடி, 400 கிலோவாட் காருக்கு மூன்றரை நொடி. பதினான்கு ஏழாகக் குறைவது பாதுகாப்பு. பின்னால் வருபவர் பிரேக் அழுத்த வேண்டியதில்லை, உங்களுக்கும் பதற்றம் இல்லை. ஏழு மூன்றரையாகக் குறைவதால் ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி கிடைக்கலாம், பயணத்தில் எதுவும் மாறாது.

இதே சக்தியில் ஒரு பகுதி அமைதிக்காகவும் செலவாகிறது. ரோல்ஸ் ராய்ஸ் ஃபேண்டம் காரில் ஒலியை அடக்கும் பொருட்கள் மட்டும் 130 கிலோவுக்கு மேல். இரட்டைக் கண்ணாடி, கனமான கதவு, மசாஜ் சீட், பின்சீட்டுக்குத் தனி ஏசி என்று எல்லாமே எடை. அதை இழுக்க எஞ்சின் திணறினால், அவ்வளவு செலவில் கிடைத்த அமைதியை எஞ்சினே கெடுத்துவிடும். இழுவை போதாத பெரிய காரில் மேம்பாலம் ஏறிப் பாருங்கள், கியர் இரண்டு படி இறங்கி எஞ்சின் சத்தம் உள்ளே வரும். அதனால்தான் பெரிய செடானுக்குக் குறைந்த ஆர்பிஎம்மில் நிறைய டார்க் வேண்டும் என்கிறோம். ஃபேண்டம் 900 நியூட்டன் மீட்டரை 1,700 ஆர்பிஎம்மில் கொடுக்கிறது, அதே நிறுவனத்தின் கோஸ்ட் 850ஐ 1,600இல். இந்தக் கார்களில் ஆர்பிஎம் மீட்டரே கிடையாது. அந்த இடத்தில் எஞ்சினின் சக்தியில் இன்னும் எத்தனை சதவீதம் மீதி இருக்கிறது என்று காட்டும் முள் இருக்கும். நகரத்துக்குள் ஓட்டும்போது அது தொண்ணூறுக்கு மேலேயே நிற்கும். மிச்சம் இருக்கும் சக்திதான் சொகுசு என்று இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட கார் வேறு இல்லை என்பது என் கருத்து.

இனி விலை எங்கே கட்டப்படுகிறது என்று பார்ப்போம். என்னைக் கேட்டால் இந்த முழு விவாதமும் சக்கரத்தில்தான் இருக்கிறது.

ஒரு காரை எவ்வளவு வேகமாக ஓட வைக்கிறீர்களோ, அதை நிறுத்தவும் வேண்டும். 2,600 கிலோ கார் 100 கிமீயில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். 250இல் அது 62 லட்சத்தைத் தாண்டும். நான்கு பிரேக் டிஸ்க்கும் சேர்த்து 40 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், 250இலிருந்து ஒரே ஒரு முறை முழுதாக நிறுத்தினாலே டிஸ்க்கின் வெப்பம் 340 டிகிரி ஏறும். இரண்டாவது முறையும் அதே மாதிரி நிறுத்த வேண்டுமென்றால் டிஸ்க் பெரிதாக வேண்டும். முன்சக்கர டிஸ்க் 400 மிமீ விட்டம், அதைக் கவ்விப் பிடிக்க ஆறு பிஸ்டன் கேலிப்பர் என்று போகும். இது உள்ளே அடங்க 20 அல்லது 21 அங்குல ரிம் வேண்டும். ரிம் பெரிதானாலும் டயரின் மொத்த விட்டம் பெரிதாக மாற முடியாது, வீல் ஆர்ச்சில் இடம் இல்லை. ஆகவே குறைவது சைடுவால்தான். 285/35 டயரில் சைடுவால் வெறும் 10 சென்டிமீட்டர். அந்தப் பழைய 6.9இல் இருந்த பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இதோடு முடியவில்லை. டயருக்கே ஒரு வேகத் தகுதி உண்டு. வி என்றால் 240 கிமீ, டபிள்யூ 270, ஒய் 300. தகுதி ஏற ஏற, அந்த வேகத்தில் சுழலும்போது டயர் பிய்ந்து போகாமல் இருக்க உள்ளே இருக்கும் பெல்ட்டையும் அதன் மேல் சுற்றும் நைலான் அடுக்கையும் இறுக்கமாகச் செய்ய வேண்டும். இறுக்கமான டயர் சிறு அதிர்வுகளை அப்படியே மேலே அனுப்பும். பெரிய ரிம், பெரிய டிஸ்க், அகல டயர் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. சாலையில் ஒரு மேடு வரும்போது இந்த எடைதான் முதலில் மேலே தூக்கப்படுகிறது. அதை அடக்க ஷாக் அப்சார்பரை இறுக்க வேண்டும். இறுக்கினால் மறுபடி அதிர்வு. ஏர் சஸ்பென்ஷனும் கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்து இதில் நிறைய சரிக்கட்டுகிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய அலைபோன்ற மேடு பள்ளங்களை இன்றைய கார்கள் பிரமாதமாக விழுங்குகின்றன. ஆனால் பாலத்தின் இணைப்பு, தார் ஒட்டுப்போட்ட விளிம்பு, சாலையில் பதித்த மேன்ஹோல் மூடி மாதிரியான சின்னக் கூர்மையான விஷயங்களை எந்தக் கம்ப்யூட்டரும் டயரின் வேலையைச் செய்து தடுத்துவிட முடியாது.

பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தால் இந்த வித்தியாசம் உடனே தெரியும். 18 அல்லது 19 அங்குலச் சக்கரம் போட்ட சாதாரண எஸ் கிளாஸில் பாலத்தின் இணைப்பு வரும்போது தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அதே சாலையில் 21 அங்குல ரிம் போட்ட வேகமான மாடலில் சீட்டின் அடியில் ஒரு சின்ன உதறல், முழங்கையை வைத்திருக்கும் கைப்பிடியில் ஓர் அதிர்வு. தாங்க முடியாத அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோடிகளைக் கொடுத்து வாங்கியது அந்தச் சின்ன உதறல் இல்லாமல் இருப்பதற்காகத்தானே? நம்மூர் ஸ்பீட் பிரேக்கர்களையும் மழைக்கால குழிகளையும் சேர்த்துக்கொண்டால், மெல்லிய சைடுவால் டயருக்கும் ரிம்முக்கும் வரும் ஆபத்து தனிக் கதை.

முதலில் சொன்ன அந்த அளவு மெர்சிடஸின் வரிசையிலேயே எங்கே வருகிறது என்று பார்க்கலாம். 2000களில் வந்த எஸ் 600 காரில் இரட்டை டர்போ வைத்த 5.5 லிட்டர் வி12. முதலில் 500 பிஎஸ், 800 நியூட்டன் மீட்டர். அடுத்த தலைமுறையில் 517 பிஎஸ், 830 நியூட்டன் மீட்டர், 1,900 ஆர்பிஎம்மில். என்னைப் பொறுத்தவரை பெரிய செடான் தொட்ட உச்சம் இதுதான். வெளியே ஸ்பாய்லர் இல்லை, உறுமல் இல்லை. காலை வைத்தால் எந்தச் சத்தமும் இல்லாமல் அடிவானம் நெருங்கும்.

அதற்கு மேலே, தங்கள் வேகக் கார் பிரிவான ஏஎம்ஜியின் எஸ் 65ஐ வைத்தார்கள். அதே எஞ்சினை 6 லிட்டராக்கி 612 பிஎஸ். எஞ்சினால் 1,200 நியூட்டன் மீட்டர் கொடுக்க முடிந்தது, கியர்பாக்ஸ் தாங்காது என்று மின்னணு முறையில் 1,000இல் நிறுத்தினார்கள். பின்சக்கரங்கள் மட்டும்தான் ஓட்டும். அந்த டார்க்கில் பெரும்பகுதியை நின்ற இடத்திலிருந்து தரையில் இறக்கவே முடியாது. கடைசித் தலைமுறையில் என்ன நடந்தது தெரியுமா? 630 பிஎஸ் எஸ் 65 நூறை எட்ட 4.3 நொடி எடுத்தது. அதைவிட மலிவான, 612 பிஎஸ் வி8 எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட எஸ் 63, 3.5 நொடியில் முடித்துவிட்டது. எஸ் 65 வாங்கியவர்கள் நேரத்துக்காக வாங்கவில்லை. அந்த வி12 சுழலும் மென்மைக்காகவும், இதற்கு மேல் ஒன்று இல்லை என்ற திருப்திக்காகவும் வாங்கினார்கள். அதில் தவறில்லை, ஆனால் அதைக் காரின் பயன் என்று கணக்கில் எழுத முடியாது. 2019இல் அந்த மாடல் நின்றது.

இன்றைய எஸ் 63 இ பெர்ஃபார்மன்ஸ் இந்தப் பாதையின் நுனியில் நிற்கிறது. 4 லிட்டர் இரட்டை டர்போ வி8, பின் அச்சில் 140 கிலோவாட் மின்மோட்டார், மொத்தம் 802 பிஎஸ், 1,430 நியூட்டன் மீட்டர், 0–100 கிமீ 3.3 நொடி. பொறியியலாகப் பார்த்தால் அசாத்தியமான வேலை, அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எடை 2,600 கிலோவை ஒட்டி வந்துவிட்டது. பேட்டரியும் மோட்டாரும் பின்னால் இடம் பிடித்ததில் டிக்கி சுமார் 300 லிட்டராகச் சுருங்கிவிட்டது; சாதாரண எஸ் கிளாஸில் 500க்கு மேல் இருக்கும். ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு காரில் நான்கு பேர் ஏறி விமான நிலையம் போக, பெட்டிகளை வைக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. அதிவேகம் ஒரு பெரிய செடானிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. 3.3 நொடியில் நூறு என்றால் சராசரியாக ஈர்ப்பு விசையின் 85 சதவீதத்துக்குச் சமமான விசை முதுகில் அழுந்துகிறது. மெட்ரோ ரயில்கள் நின்றுகொண்டிருக்கும் பயணிகளை மனதில் வைத்து அதில் எட்டில் ஒரு பங்கு அளவில்தான் வேகம் எடுக்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு எப்போது தள்ளும் என்று தெரியும், கழுத்து தயாராக இருக்கும். பின்னால் சாய்ந்து ஃபோனில் படித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. தலை பின்னால் போய் இடிக்கும், கையில் காபி இருந்தால் சட்டையில். இரண்டு முறை இப்படி நடந்தால் டிரைவரிடம் "தம்பி, மெதுவாப் போப்பா" என்பார்கள். அப்புறம் அந்த 802 பிஎஸ் காரின் ஆயுள் முழுக்க 200 பிஎஸ் காராகத்தான் ஓடும், டயரும் சஸ்பென்ஷனும் மட்டும் 802க்கு ஏற்ற இறுக்கத்தோடு இருக்கும்.

டொயோட்டா செஞ்சுரியை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. ஜப்பானில் நிறுவனத் தலைவர்களும் அமைச்சர்களும் பயணிக்கும் கார். 1997இலிருந்து 2017 வரை விற்ற இரண்டாம் தலைமுறையில் 5 லிட்டர் வி12. 280 பிஎஸ் மட்டும். அந்தக் காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் 280ஐத் தாண்டுவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருந்தது ஒரு காரணம். ஆனால் பந்தயம் எதிலும் ஓடாத ஒரு காருக்குப் பன்னிரண்டு சிலிண்டர் வைத்ததே, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பின்னால் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. ஒரு பக்கத்து ஆறு சிலிண்டரில் கோளாறு வந்தாலும் மறுபக்கத்தை வைத்து ஓடிவிடும்படி செய்திருந்தார்கள். சீட்டுக்குத் தோலைவிடக் கம்பளித் துணியையே பலர் விரும்பி வாங்கினார்கள், தோல் சத்தம் போடும் என்பதால். பெரிய எஞ்சினும் வெறித்தனமான வேகமும் ஒன்றாக வர வேண்டிய அவசியம் இல்லை என்பதை அந்தக் கார் இருபது ஆண்டுகள் ஓடிக் காட்டியது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. வேகத்துக்காகச் செய்த வேலை அமைதியாகவும் சொகுசாகவும் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். 1989இல் வந்த லெக்ஸஸ் எல்எஸ் 400 இதற்கு நல்ல சான்று. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுஸுகி வைத்த இலக்குகளில் 250 கிமீ உச்ச வேகமும் இருந்தது, 100 கிமீயில் உள்ளே 58 டெசிபல்தான் கேட்க வேண்டும் என்பதும் இருந்தது, எரிபொருள் சிக்கனமும் இருந்தது. ஒன்றுக்கொன்று முரணானவை மாதிரித் தோன்றும். ஆனால் 250இல் போக வேண்டுமென்றால் காற்றை வெட்டும் உடம்பு வேண்டும், சுழலும் பாகங்கள் எல்லாம் துல்லியமாகச் சமநிலையில் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் 100இல் தானாகவே அமைதி வந்துவிடும். 4 லிட்டர் வி8, சுமார் 250 குதிரைத்திறன். கார் வந்ததும் ஜெர்மன்காரர்கள் தூக்கம் கலைந்து எழுந்தார்கள்.

இதை நான் முழுதாக ஏற்கிறேன். அதிவேகத்தைத் தாங்கும்படி வடிவமைப்பது காருக்கு நல்லது: உறுதியான உடம்பு, குளிர்ச்சி, பின்சக்கரமும் திரும்பும் வசதி, சாய்வைத் தடுக்கும் 48 வோல்ட் மோட்டார்கள் எல்லாமே அப்படி வந்தவை. ஆனால் லெக்ஸஸ் அந்த இலக்கை எட்டியதற்கு வெறும் 250 குதிரைத்திறன் போதுமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மிச்சம் வைத்து வடிவமைத்தார்கள். அந்த மிச்சத்தைச் செலவழிக்கும் டயரையும் ஸ்பிரிங்கையும் காரில் மாட்டவில்லை.

பிஎம்டபிள்யூவின் வேகக் கார் பிரிவுக்கு எம் என்று பெயர். ஆனால் எம்7 என்ற காரை அவர்கள் இதுவரை விற்றதே இல்லை. 5 சீரிஸுக்கு எம்5 இருக்கிறது, 8 சீரிஸுக்கு எம்8 இருந்தது, 7க்கு இல்லை. 610 பிஎஸ் வி12 வைத்த எம்760எல்ஐ கூட முழு எம் கார் இல்லை, அந்தப் பிரிவின் லேசான பூச்சு மட்டுமே. அந்த இடைவெளியைப் பல ஆண்டுகள் நிரப்பியது பிஎம்டபிள்யூ கார்களை மெருகேற்றி விற்ற, புக்லோ என்ற சின்ன ஜெர்மன் ஊரில் இருந்த ஆல்பினா நிறுவனம். அவர்களுடைய பி7 கடைசியில் 608 பிஎஸ், 330 கிமீ வரை போனது. அதாவது சக்தியில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் அதில் 'கம்ஃபர்ட் பிளஸ்' என்று பிஎம்டபிள்யூவைவிட மென்மையான ஒரு நிலையைத் தாங்களாகச் சேர்த்தார்கள். வேகமான மாடலில் இன்னும் மென்மையான ஸ்பிரிங் நிலை! தீவிர வேகத்தையும் பெரிய செடானையும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று நான் எப்போதும் சொல்வேன்.

மின்சாரக் கார்கள் வந்தபின் கணக்கு பாதி மாறிவிட்டது. பெட்ரோல் காரில் 600 பிஎஸ் வேண்டுமென்றால் எரிபொருள், சத்தம், சூடு என்று தினமும் விலை கொடுக்க வேண்டும். மின்காரில் நீண்ட தூரத்துக்காகப் பெரிய பேட்டரி எப்படியும் இருக்கிறது; பெரிய பேட்டரி பெரிய மின்னோட்டத்தைத் தரும்; சக்தி கிட்டத்தட்ட கொசுறாக வருகிறது. மெதுவாகப் போகும்போது மோட்டார் அமைதியாகவே இருக்கும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் 1,020 குதிரைத்திறன், லூசிட் ஏர் சஃபயர் 1,234 என்று போனது இப்படித்தான். ஆனால் டயரும் பிரேக்கும் பழைய விதிகளுக்குத்தான் கட்டுப்பட்டவை. பிளெய்ட் 322 கிமீ வேகத்தை எட்ட வேண்டுமென்றால் கார்பன் செராமிக் பிரேக்கும் தனி டயரும் அடங்கிய டிராக் பேக்கேஜைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மோட்டார் தயாராக இருக்கிறது, சக்கரம் தயாராக இல்லை.

பிஎம்டபிள்யூ ஐ7 காரில் இரண்டு வகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எக்ஸ்டிரைவ்60: 544 பிஎஸ், 4.7 நொடி, ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி சோதனையில் ஒரு சார்ஜில் அதிகபட்சம் 625 கிமீ தூரம். எம்70: 660 பிஎஸ், 3.7 நொடி, அதிகபட்சம் 560 கிமீ. ஒரே பேட்டரி. ஒரு நொடியைச் சம்பாதிக்க 65 கிமீ தூரத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். நீண்ட பயணத்துக்காகவே பிறந்த காரில் இது எனக்கு நல்ல பேரமாகத் தெரியவில்லை.

பின் ஏன் விற்கிறார்கள்? விலைப் பட்டியலின் உச்சியில் ஒரு கார் வேண்டும், அங்கே லாபமும் அதிகம், அதை வாங்குபவருக்குக் கீழே இருப்பது வேண்டாம். வியாபாரமாக அது நியாயம்தான்.

நீங்களே வாங்கும் நிலையில் இருந்தால், இப்படிச் செய்யுங்கள். நீங்களே ஓட்டப்போகிறீர்கள், வளைவுகளில் ஓட்டுவது பிடிக்கும் என்றால் வேகமான மாடலை மனதார வாங்கலாம், 2.6 டன் காரை அது ஓட்டவைக்கும் விதம் உண்மையிலேயே ஓர் அனுபவம். ஆனால் அப்படிப்பட்டவருக்கு ஓர் அளவு சிறிய எம்5 இன்னும் பொருந்தும் என்பதையும் யோசியுங்கள். பின்சீட்டில் உட்காரப்போகிறீர்கள் என்றால் வரிசையின் உச்சியிலிருந்து ஒரு படி கீழே இறங்குங்கள்: 2.2 டன் காருக்கு 400இலிருந்து 500 பிஎஸ், டார்க் 2,000 ஆர்பிஎம்முக்குள் முழுதாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். டெஸ்ட் டிரைவின்போது ஷோரூம்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள், நல்ல சாலை வேண்டாம், ஒட்டுப்போட்ட சாலையில் போகச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது அந்த மாடலுக்குக் கிடைக்கும் மிகச் சிறிய ரிம்மைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஷோரூமில் நிற்கும் கார் பெரும்பாலும் மிகப் பெரிய ரிம்மில்தான் இருக்கும், போட்டோவுக்கு அது அழகு என்பதால். பழைய எஸ் 600 அல்லது எஸ் 65 மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டால், வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஹைட்ராலிக் சஸ்பென்ஷனின் பம்ப், குழாய்கள், எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு காயில் பேக் ஆகியவற்றின் இன்றைய விலையை விசாரித்துவிட்டு, அதை முழுதாகப் பிரித்துப் பார்த்துப் பழகிய மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்ட பிறகு பேரம் பேசுங்கள்.